மலைக்கு ஏற்ற வண்டி எது?

குட்டீஸ்... உங்களில் யாருக்கெல்லாம் பிக்-அப் வண்டி பிடிக்கும்? முன்னால் டிரைவர் கேபின், பின்னால் திறந்த பாடி. காய்கறி மூட்டை, வாழைத்தார், செங்கல், பந்தல் கம்பு என்று எதைப் போட்டாலும் சுமக்குமே... அதுதான்!

அமெரிக்காவில் இந்தப் பிக்-அப் வண்டிகளுக்குள் பெரிய போட்டியே நடக்கிறது. ஃபோர்டு கம்பெனியின் 'ராப்டர் ஆர்' என்ற பெட்ரோல் வண்டி முதன்முதலாக வந்தபோது அதற்கு 700 குதிரைத்திறன். ரிவியன் என்ற கம்பெனி, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்து ஒரு மின்சாரப் பிக்-அப் செய்தது. அதற்கு 800 குதிரைத்திறனுக்கும் மேல்!

நம்ம ஊர் 'குட்டி யானை'யைத் தெரியும் அல்லவா? டாடா ஏஸ். 2005ல் அது முதன்முதலாக வந்தபோது, அதன் டீசல் இன்ஜினுக்கு வெறும் 16 குதிரைத்திறன்தான். இருந்தும், ஊர் ஊராகப் புகுந்து, சந்து பொந்தெல்லாம் நுழைந்து, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

அப்படியானால், 'நல்ல வண்டி' என்பதை எப்படி அளப்பது? குதிரைகளை எண்ணினால் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு ஜவ்வாது மலைக்குப் போவோம், வாருங்கள்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. காவலூர் வானாய்வுக்கூடம் இருப்பதும் இந்த மலையில்தான். இங்கே வாழும் மலைவாழ் மக்கள் சாமை விதைக்கிறார்கள். பலா, புளி, தேன் எல்லாம் உண்டு. இவை காசாக வேண்டும் என்றால், ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களில் இருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, போளூருக்கோ, திருப்பத்தூருக்கோ, ஆலங்காயத்துக்கோ போய்ச் சேர வேண்டும். அந்தச் சுமையைத் தூக்குவது பெரும்பாலும் பிக்-அப் வண்டிதான்.

சரி, இந்த வேலைக்கு எந்த இன்ஜின் பொருத்தம்?

பெட்ரோல் இன்ஜின் எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால், வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு முழு பலம் வரும். மலையில் சுமையோடு மெதுவாக ஏறும்போது, இன்ஜினை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலும் கரையும்.

டீசல் இன்ஜின் வேறு ஜாதி. இதில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகவும் இறுக்கமாக அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானாகவே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான். டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். அதனால்தான் சுமை வண்டிகளில் அது ராஜாவாக இருக்கிறது. குறை என்ன? புகை. அந்தப் புகையில் உள்ள நுண்ணிய கரித்துகள், நுரையீரலுக்கு நல்லதல்ல.

மூன்றாவது, மின்சார மோட்டார். நின்ற இடத்தில் இருந்து கிளம்பும் நொடியிலேயே முழு இழுவையும் கொடுக்கும். மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது இதற்குத் திணறலே இல்லை. 2022ல் வந்த டாடா ஏஸ் மின்சார வண்டிக்கு 36 குதிரைத்திறன், பேட்டரியில் 21.3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். 2025ல் வந்த 'ஏஸ் புரோ' என்ற சின்ன வண்டியோ பெட்ரோல், எரிவாயுவும் பெட்ரோலும் சேர்ந்தது, மின்சாரம் என்று மூன்று விதமாகவும் கிடைக்கிறது. ஆக, தேர்வு செய்யும் வாய்ப்பு இப்போது நம் ஊர்க்காரர்களுக்கும் வந்துவிட்டது.

'ஏறுவதற்குத்தானே பலம் வேண்டும்? இறங்குவது சுலபம்தானே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் தப்பு! மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. சுமையோடு இறங்கும் வண்டியைப் பள்ளம் இழுக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடாகிப் பிடிப்பை இழந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள், 'எந்த கியரில் ஏறுகிறாயோ, அந்த கியரில் இறங்கு' என்பார்கள். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

இப்படி இறங்கும்போது, டீசல் வண்டியில் அத்தனை சக்தியும் சூடாகி வீணாகப் போகிறது. மின்சார வண்டியில்? மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். கூடவே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும்!

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு டன் சாமை மூட்டை 600 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ, பெருக்கல் 9.8, பெருக்கல் 600. விடை 58 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, மூட்டைக்குள் ஒன்றரை யூனிட்டுக்கும் மேல் ஒளிந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு உராய்விலும் காற்றிலும் போய்விடும். ஆனாலும், மிச்சம் கைக்கு வரும் அல்லவா?

இது கற்பனை இல்லை. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில், சிமென்ட் கம்பெனியின் குவாரி ஒன்றில் ராட்சத மின்சார லாரி ஒன்றை ஓட்டினார்கள். வெறும் வண்டியாக மேலே ஏறும். 65 டன் கல்லோடு கீழே இறங்கும். ஏறுவதற்குச் செலவான மின்சாரத்தை, இறங்கும்போதே அது சம்பாதித்துவிடும்!

ஜவ்வாது மலையிலும் சாமையும் புளியும் பலாவும் கீழ்நோக்கித்தானே போகின்றன? மலையே கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தரும் வண்டியை, நகரத்தில் மட்டும் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கலாமா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசியும் சிமென்ட்டும் மேலேதான் ஏற வேண்டும். அப்போது பேட்டரி சீக்கிரம் குறையும். வழியில் தீர்ந்துபோனால், கேனில் வாங்கி ஊற்ற முடியாது. உச்சியிலேயே முழு சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால், வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமிருக்காது. மேலும், நம் மின்சாரத்தில் ஒரு பகுதி நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. அதனால் டீசல் வண்டியை நாளைக்கே தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன். தொலைதூரம் போகும் சுமைக்கு இன்று அதுதான் கைகொடுக்கும்.

ஆனால், மலைக்கும் அடிவாரத்துக்கும் தினமும் போய் வரும் வண்டிகள் மின்சார வண்டிகளாக மாற வேண்டும். ஜமுனாமரத்தூரிலும் அடிவார ஊர்களிலும் சார்ஜ் போடும் இடம் வேண்டும். மலையில் பிறந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் அந்த வண்டியைப் பழுது பார்க்கக் கற்றுத்தர வேண்டும். புது வசதி என்றால் முதலில் நகரம், கடைசியில் மலை என்ற வழக்கம் இதிலாவது மாறட்டும்.

இன்னொன்று. இது எல்லா இன்ஜினுக்கும் பொது. 2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டம் புலியூரில் இருந்து மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன், ஜவ்வாது மலையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் எந்த வண்டியும் தாங்காது. சரக்கு வண்டி சரக்குக்கு மட்டுமே! மலைக் கிராமங்களுக்குப் போதுமான பஸ் விட்டால், யாரும் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு போக வேண்டியிருக்காது. அதைச் செய்ய வேண்டியது பெரியவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு குட்டீஸ். பிக்-அப் வண்டியின் பின்னால் ஏறச் சொல்லி யார் கூப்பிட்டாலும், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அடுத்த முறை டிவியில் ஒரு வண்டி விளம்பரம், 'இத்தனை குதிரைத்திறன்' என்று மார்தட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள்... என்ன சுமக்கும்? எப்படி நிற்கும்? யாருக்கு உதவும்?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் வண்டிதான் நல்ல வண்டி. சரிதானே?