தண்ணீருக்குள் போட்டோ: அடுத்த மாதமே கிளாஸ் எடுக்கலாமா?

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் நண்பரின் மகன் கம்ப்யூட்டரும் வாட்டர்ப்ரூப் டிஜிட்டல் கேமராவும் புதிதாக வாங்கியிருக்கிறான். "தண்ணிக்குள்ள போட்டோ எடுக்கக் கத்துக்கிட்டு, அடுத்த மாசத்துலேருந்து நாலு பேருக்குக் கிளாஸ் எடுக்கப் போறேன் அங்கிள்" என்றான்.

ஆசையில் தப்பில்லை. 2021 பிப்ரவரியில் நீலாங்கரை கடலில், சுமார் 60 அடி ஆழத்தில், வேட்டி சேலையுடன் ஒரு திருமணமே நடந்தது. இந்த மாதிரி படங்களுக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் "அடுத்த மாசம்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரே கேள்வி கேட்டேன். அப்பா கடையில் உள்ள அரக்குச் சேலையை அந்த ஆழத்தில் பிளாஷ் இல்லாமல் எடுத்தால் என்ன நிறத்தில் வரும்? "அரக்குதான்" என்றான். வராது! தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். 15 அடியிலேயே சிவப்பு மங்க ஆரம்பிக்கும். 60 அடியில் அரக்கு கருப்பாகத்தான் தெரியும். மயில் கழுத்து நீலம் ஓரளவு தப்பிக்கும். உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தவர் பார்த்தால் நொந்து போவார்.

"சாப்ட்வேரில் சரி பண்ணிடலாமே" என்பீர்கள். பாதிதான் முடியும். ஜேபெக் பைலாக எடுத்தால் கேமராவே நிறத்தை முடிவு செய்துவிடும். ரா பைலாக எடுத்தால் வொயிட் பேலன்ஸைப் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றலாம். இதற்கு டார்க்டேபிள் என்ற இலவச சாப்ட்வேரே போதும். ஆனால் கேமராவுக்குள் வராத சிவப்பை எந்த சாப்ட்வேரும் உண்டாக்காது. ஏற்ற ஏற்றப் புள்ளிகள்தான் மிஞ்சும். பிளாஷோடு மூன்று, நான்கு அடி கிட்டே போய் எடுக்க வேண்டும். இன்னொன்று, ரா பைல் ஒவ்வொன்றும் 25 எம்பி வரை வரலாம். 300 படம் எடுத்தால் ஏழரை ஜிபி! தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் அவசியம்.

கேமரா நனைவதும் பெரிய விஷயம். அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு பட்டு இழை ஒட்டியிருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

கேமரா போனால் வேறு வாங்கலாம். கூட வந்த மாணவர் மூச்சுத் திணறினால்? பாடி என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படை டைவிங் சான்றிதழே 18 மீட்டர், அதாவது அந்த 60 அடி வரைக்கும்தான். அதுவும் நீங்கள் இறங்க மட்டுமே. அடுத்தவரை இறக்கிக் கற்றுத்தர டைவிங் பயிற்றுநர் தகுதி தனியாகப் பெற வேண்டும். அது இல்லாமல் கடலில் கிளாஸ் எடுத்துக் காசு வாங்குவது, என் பார்வையில், மோசடிக்குப் பக்கத்து வீடு. கோயில் குளத்தில் பழகிக்கொள்கிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். கலங்கிய தண்ணீரில் படமும் வராது.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். கடையில் வெட்டிப்போட்ட பட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள். பாதுகாவலர் உள்ள நீச்சல் குளத்தில், நிற்கிற ஆழத்தில் படம் எடு. பிறகு ஒரு டைவிங் பள்ளியில் சேர்ந்து, அதே துண்டுகளைக் கடலில் எடு. இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறத்தைத் திருத்தப் பழகு. டைவிங் தெரிந்தவர்கள் பலருக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. அதைக் கற்றுத்தந்து தாராளமாகக் கட்டணம் வாங்கு. யாரும் நனைய வேண்டியதில்லை.

முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மறுநாளே துண்டுகள் கேட்டு அப்பாவிடம் நின்றிருக்கிறான்.