வீடு தேடுமுன் கடன் கணக்கைப் பாருங்கள்

முன்பெல்லாம் எங்கள் செவிலிமேட்டில் வாடகை வீடு கேட்டால், "தறி உண்டா? குழி வெட்டணுமா?" என்றுதான் விசாரிப்பார்கள். இப்போது சில வீட்டுக்காரர்கள், "சிபில் எவ்வளவு?" என்கிறார்கள். எங்கள் தெருவில் பட்டு நெய்யும் ஒரு பெண்ணுக்கு இதனாலேயே வீடு தட்டிப் போச்சு. மகளிர் குழுக் கடனை அவள் நாள் தவறாமல் கட்டியவள். ஆனால் நாத்தனார் புருஷனின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் தவணை விட்டது இவள் பேரிலும் ஏறிவிட்டது.

சகோதரிகளே, சிபில் என்பது 300 முதல் 900 வரை போடும் மதிப்பெண். கடன் கொடுப்பவர்கள் பார்ப்பதற்காக ஏற்பட்டது. மாசம் தவறாமல் வாடகை கொடுத்த நல்ல பெயர் சாதாரணமாக அதில் ஏறாது. வீட்டுக்காரர் தாமாக அதை எடுத்துப் பார்க்கவும் முடியாது. நாம் காட்டினால்தான் உண்டு.

2017 முதல் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையையும் இலவசமாக வாங்கலாம். தப்பு இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

மதிப்பெண் குறைவு என்று சொல்லி அட்வான்ஸைக் கூட்டுவதும் உண்டு. 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

வாடகை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நாணயத்துக்கு அவையே சாட்சி. உறவுக்காரர் ஜாமீன் கேட்டு வந்தால், அதுவும் உங்கள் கடன்தான் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுங்கள்.