நெட்டுருப் பொறிஞர்!

கணினிப் பிணையத்தில் பழுது நேர்ந்தால் அதன் கரணியத்தைத் தேடிக் கண்டு களைபவனே பிணையப் பொறிஞன். அத்திறத்தை அளத்தற்கென்றே அமெரிக்காவின் சிசுக்கோ நிறுவனம் 2010-இல் ஒரு தனித் தேர்வை ஏற்படுத்தியது. தேர்வுக்குரிய பிணையத்தின் வரைபடத்தை அந்நிறுவனமே முன்னதாக வெளியிட்டது. தேர்வறையில் பழுதுகள் ஒவ்வொன்றாய்த் தரப்படும். பழுது எக்கருவியில் உளது, எந்நுட்பத்தைச் சார்ந்தது, எதனால் தீரும் என்னும் மூன்றையும் தேர்வர் கூறுதல் வேண்டும். நோயாளியை முன்னே கிடத்தி, மருத்துவ மாணவனை நாடி பார்க்கச் சொல்வது போன்ற சீரிய தேர்வு அது. 2020-இல் அது தனித் தேர்வாய் இராது நீங்கிற்று. ஆயினும் பழுதாய்வுத் திறம் இன்றைய தேர்வுகளிலும் வினவப்படுகின்றது.

இத்தகைய தேர்வுகளுக்குத் தமிழிளைஞர் பலர் அணியமாகும் முறை யாது? கள்ளத்தனமாய் விலைபோகும் வினா விடைத் திரட்டுகளை வாங்கி, இன்ன பழுதுக்கு இன்ன விடை என உருப்போடுகின்றனர். பழுதை ஆயக் கற்பதில்லை. விடையின் எண்ணைக் கற்கின்றனர். சான்றிதழ் கையில், அறிவோ பிறர் பையில்! வேலைக்குச் சென்ற முதற் கிழமையிலேயே, திரட்டில் இல்லாத பழுதொன்று வந்து நிற்கும்போது விழி பிதுங்குகின்றனர்.

இக்கேட்டுக்கு மாணவரை மட்டும் பழிப்பது முறையன்று. நெட்டுரு ஆங்கிலேயரிடத்தும் உண்டு. ஆனால் அவர்க்கு அது சோம்பல். தமிழர்க்கோ அது வேறு வழியின்மை! அரைகுறையாய் விளங்கும் மொழியில் கற்பவன் பொருளைப் பற்ற இயலாது. ஆகவே சொல்லைப் பற்றிக்கொள்கின்றான்.

தமிழில் இவற்றைச் சொல்லவியலாது என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு கணினிக்கு இணையம் கிட்டவில்லை என்க. அதன் முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், முகவரி தரும் வழங்கியிடமிருந்து மறுமொழி வாராமையால் கணினி தானே தனக்கொரு முகவரி சூட்டிக்கொண்டது என்பது பொருள். அவ்வழங்கிக்குச் செல்லும் வழியிலேயே ஆய்வைத் தொடங்குதல் வேண்டும். முகவரி செவ்வையாயின், அண்மையிலுள்ள திசைவிக்குப் 'பிங்' விடுத்துப் பார்க்க வேண்டும். அது மறுமொழி தந்தால், தொலைவிலுள்ள ஓர் எண்முகவரிக்கு விடுக்க வேண்டும். எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வாராவிடில், வழியில் குற்றமில்லை. பெயரை எண்ணாக்கித் தரும் பகுதியிலேயே பழுது! நோயைத் தெளிந்து, அதன் வேரையறிந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேடுக என்று மருத்துவர்க்கு வள்ளுவர் காட்டிய நெறியன்றோ இது? இதனை உரைக்கத் தமிழில் எச்சொல் இல்லாமற் போயிற்று?

சப்பானியரைக் காண்க! 1984-இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் சூனெட்டு என்னும் பிணையத்தைச் சூன் முராய் தொடங்கினார். அதில் தம் எழுத்திலேயே மடல் வரைய அவர்கள் வழி கண்டனர். அக்குறிமுறை 1993-இல் இணைய ஆவணங்களுள் ஒன்றாகவும் பதிவுற்றது. இன்று சிசுக்கோவின் இணைநிலைத் தேர்வொன்று, 120 மணித்துளித் தேர்வு, ஆங்கிலத்திலும் சப்பானிய மொழியிலும் நடக்கின்றது. அஃது ஈகையன்று, தம் மொழியில் கற்போர் திரண்டு நின்றால் வணிகம் தானே வளைந்து வரும்.

தமிழர்க்கு முன்னோடி இல்லையா? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் தமிழ் கற்றார்; மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று பெயர்கள் இணையத்தின் உச்சிப் பெயர்களாகத் தமிழெழுத்திலேயே நிற்கின்றன. பிணையத்தின் உச்சியில் தமிழ் இருக்கின்றது. பிணையம் கற்பிக்கும் வகுப்பறையிலோ அரிதாகவே இருக்கின்றது!

அப்பழுதாய்வுத் தேர்வு தோன்றிய அதே 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கிற்று. கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் அதில் இடம்பெற்றன. கணினிப் பொறியியல் வாயிலுக்கு வெளியே நின்றது. கல்லும் இரும்பும் தமிழ் கேட்கலாம், கணினி கேட்கலாகாதோ?

"கட்டளைகள் ஆங்கிலமாயிற்றே! வேலை கிட்டுமா?" என வினவுவார் உளர். கட்டளைகள் சில நூறு சொற்கள். அவற்றைப் பயில்வார் பயிலட்டும். தேர்வையும் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். எண்ணம் எம்மொழியில் தெளிந்தது என்பதே கேள்வி. நள்ளிரவில் மருத்துவமனையின் பிணையம் அறுந்து கிடக்கையில், ஆங்கிலம் உருட்டுவோனை எவரும் தேடார். பழுதைக் களைவோனையே தேடுவர்!

ஆகலின், பணியிலிருக்கும் தமிழ்ப் பொறிஞர் தாம் களைந்த பழுதுகளைத் தமிழில் எழுதி வைக்க! தமிழ் மன்றங்கள் பழைய திசைவிகள் இரண்டை வாங்கி மாலை வகுப்புத் தொடங்குக! பல்கலைக்கழகங்கள் கணினிப் பொறியியலுக்குத் தமிழ்வழியைத் திறக்க! பழுது பிணையத்தில் இல்லை. தமிழால் இயலாது என்னும் அடிமை உள்ளத்தில் இருக்கின்றது. முதலில் களையப்படவேண்டியது அப்பழுதே!