எத்தனை மீட்டரில் நிற்கும்?

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுச்சேரியில் உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மரக்காணத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மனைவி முன்சீட்டில். பின்சீட்டில் அம்மா நல்ல தூக்கத்தில். வேகமானி எண்பத்தைந்தைக் காட்டியது.

தாழ்வான ஓரிடத்தில் சாலையின் குறுக்கே தண்ணீர் விரிந்து கிடந்தது. கண்ணில் பட்டபோதே வண்டி அதில் இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த கனம் சட்டென்று போய்விட்டது. லேசாகத் திருப்பிப் பார்த்தேன்; கார் கேட்கவில்லை. பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை நொடி இருக்கும். சக்கரங்கள் மறுபடி தாரைத் தொட்டபோது வண்டி ஒரு உதறு உதறியது. அம்மா திடுக்கிட்டு விழித்தார்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, பள்ளம்.”

பொய்தான் சொன்னேன். அங்கே பள்ளம் எதுவும் இல்லை. அந்த ஒன்றரை நொடி எங்கள் கார் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

என்னுடையது பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பார்க்கச் சின்னக் கார், 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன். நினைத்த மாத்திரத்தில் பாயும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தக் குணத்துக்காகவே தேடிப்பிடித்து வாங்கியது. ஆனால் இன்ஜினின் வேகமும் பிரேக்கின் பலமும் ஸ்டியரிங்கின் துல்லியமும் சாலைக்குப் போய்ச் சேரும் வழி நான்கே நான்கு இடங்கள்தான். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. காரில் வேறெதுவும் பூமியைத் தொடுவதில்லை.

மறுநாள் காலை அந்த நான்கு உள்ளங்கைகளையும் குனிந்து பார்த்தேன். டயரில் வரிவரியாக வெட்டியிருக்கும் பட்டன் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும், சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். காற்று 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 26தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில், டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் எண்களில் கடைசி நான்கு, டயர் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்தக் கணக்கில் என் டயர்களுக்கு ஏழு வயது முடிந்திருந்தது.

கார் மிதந்ததற்கு ஒரு கணக்கு உண்டு. நனைந்த ஓடுதளத்தில் விமானச் சக்கரங்கள் ஏன் பிடிப்பை இழக்கின்றன என்று ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் ஹார்னும் டிரெஹரும் 1963இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். டயர்க் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், எந்த வேகத்தில் டயர் தண்ணீர்மேல் ஏறிவிடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். பட்டன் இடுக்குகள் வழியாக வெளியேற முடியாத அளவுக்கு நீர் தேங்கியிருக்கும் இடத்துக்கான கணக்கு இது. 33 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்கு 96 கிலோமீட்டர். 26 என்றால் 85. நான் போய்க்கொண்டிருந்த அதே வேகம். காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே டயர் கடைக்குப் போனேன். முப்பது வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவர் நடத்தும் கடை. வேலை பார்க்கும் பையன் குனிந்து பார்த்துவிட்டு, “பட்டன் இருக்கே சார், இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம்” என்றான். கடைக்காரர் எழுந்து வந்து கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார்.

“ரப்பர் செத்துப்போச்சு சார். நகம் இறங்குதா பாருங்க.”

வெயிலிலும் காற்றிலும் கிடந்து கிடந்து ரப்பர் இறுகிப்போகும். சென்னையில் திறந்த வெளியில் நிற்கும் காருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்பைக் கவ்வாது. காய்ந்த சாலையில் குறை தெரியாது, ஈரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வருடம் ஆனபிறகு ஆண்டுக்கொரு முறை டயரைக் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. பட்டன் இருக்கிறதே என்று பத்து வருடம் தாண்டி எந்த டயரையும் ஓட்டக்கூடாது.

“அண்ணே, மழைக்கு நல்லா இருக்கணும். எதைப் போடலாம்?” என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

“இங்க வர்றவங்க எல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னுதான் சார் கேப்பாங்க. எத்தனை மீட்டர்ல நிக்கும்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல.”

இந்தப் பத்தியை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

அவர் கடைச் சுவரில் ‘ஆல் சீசன்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர். அந்தச் சொல் பிறந்த இடம் அமெரிக்கா. பனி பெய்யும் மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் டயர்களைக் கழற்றிப் பனிக்கால டயர்களை மாட்டுவார்கள். கோடையில் மறுபடி மாற்றுவார்கள். அந்த வேலையை மிச்சப்படுத்த குட்இயர் நிறுவனம் 1977இல் ‘டியெம்போ’ என்ற ஆல் சீசன் டயரைக் கொண்டுவந்தது. வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால ரப்பர் விறைக்கத் தொடங்கும். ஆல் சீசன் ரப்பர் ஓரளவு இளக்கமாகவே இருக்கும். சேற்றையும் பனியையும் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் அதற்கு அடையாளம். மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்திருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள்.

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் சில விடியல்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அதைத் தவிர அந்தப் பனித்துகள் படத்துக்கு நம் சாலைகளில் வேலையில்லை. நமக்கு எல்லாப் பருவம் என்பது இரண்டு பருவம்தான். தார் இளகும் சித்திரை வெயில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை இன்னொன்று. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. வெயிலைத் தாங்க ஏறக்குறைய எந்த நல்ல டயருக்கும் தெரியும். டயருக்கு டயர் வித்தியாசம் தெரிவது மழையில்தான். ஆகவே நம் ஊர் ஆல் சீசன் டயரை மழையை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நீண்ட நாள் உழைப்பது, தடையில்லாமல் உருண்டு பெட்ரோலை மிச்சப்படுத்துவது, ஈரத்தில் கவ்விப் பிடிப்பது ஆகிய மூன்றையும் ஒரே ரப்பரில் முழுமையாகக் கொண்டுவருவது கடினம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ரப்பர்க் கலவையில் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்க்கும் முறை தொண்ணூறுகளில் பரவியபிறகு இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் தீரவில்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த உழைப்புக்கு ஈரத்தில் என்ன விலை கொடுத்தார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே அந்த விலையைப் பார்க்கலாம். ஈரச் சாலையில் இரண்டு கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் அக்கம்பக்கமாகப் போகின்றன. ஒன்றின் டயருக்கு உராய்வுக் கெழு 0.7, மற்றதற்கு 0.5 என்று கொள்வோம். ஒரே நேரத்தில் பிரேக் பிடித்தால் முதல் கார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 50 மீட்டர் போகும். இந்த 14 மீட்டரோடு விஷயம் முடிவதில்லை. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் நாற்பது கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கடந்துபோகும். அங்கே ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடந்தால், ஒரு ஸ்கூட்டர் சறுக்கிக் கிடந்தால்?

கடைக்காரர் இரண்டு டயர்களை எடுத்துவைத்தார். பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படிக்கச் சொல்லித் தந்தார். ‘ட்ரெட்வேர்’ என்ற எண் தேய்மானத்துக்கானது. எண் கூடக் கூட உழைப்பு கூடும். ‘டிராக்‌ஷன்’ என்ற எழுத்து, ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிப்பு. ஏஏ உயர்ந்தது, பிறகு ஏ, பி, சி. ஒரு டயரில் 500, ஏ. இன்னொன்றில் 320, ஏஏ. நான்கு டயருக்கும் சேர்த்து இரண்டாவது 5,200 ரூபாய் அதிகம். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 13 காசு. நான் இரண்டாவதை எடுத்தேன்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் காருக்கு 185/60 ஆர்15. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். இதைத் தொடர்ந்து 84எச் என்று வந்தால், ஒரு டயர் 500 கிலோ எடையையும் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும் என்று பொருள். கார் கம்பெனி குறித்திருக்கும் எடைக்கும் வேகத்துக்கும் கீழே இறங்கவே கூடாது. சின்ன ஸ்போர்ட்டி கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்குப் பெரிய அலாய் வீல், ஒல்லியான பக்கச்சுவர் என்றால் தனி மோகம். வளைவில் இன்னும் கூர்மையாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் பக்கச்சுவர் மெலிந்தால் நம் சாலைப் பள்ளத்தில் ஒரே அடியில் ரிம் வளையும், டயரில் புடைப்பு கிளம்பும். அகலமான டயர் தேங்கிய நீரில் இன்னும் சீக்கிரம் மிதக்கவும் கூடும். காரை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டுத் தந்த அளவு அது. நான் அதிலேயே நின்றுவிட்டேன்.

பணம் போதாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்கள் என்பதால் புது டயரை முன்னால் போடச் சொல்வது நம் ஊர் வழக்கம். டயர் நிறுவனங்கள் பின்னால் போடச் சொல்கின்றன. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். பழகிய ஓட்டுநருக்கும் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழைநாளில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டயர் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடிவதற்கு முன் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நாட்டின் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வரிசையாக டயர் ஆலைகள் நிற்கின்றன. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, இரைச்சல் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 2022இல் தரவிதிகளையும் அறிவித்தது. ஆனால் நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும், ஒரு டயரையும் இன்னொன்றையும் ஈரப் பிடிப்பில் ஒப்பிட்டுக் காட்டும் ஒட்டுச்சீட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு புது டயரோடும் அந்தச் சீட்டு வருகிறது. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட பொருளுக்கு அப்படி ஒரு சீட்டு கடைதோறும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அது வரும்வரை நாம்தான் குனிந்து பக்கவாட்டைப் படிக்க வேண்டும்; மாதம் இரண்டு முறை, டயர் சூடேறும் முன், காற்றைப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐப்பசி மாலையில் நான் செய்யத் தவறியது அதைத்தான்.

கார்த்திகையில் மறுபடி புதுச்சேரி போக வேண்டியிருந்தது. திரும்பும்போது மறுபடி மழை. மரக்காணம் தாண்டி வரும் அந்தத் தாழ்வான இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தூரத்திலேயே அறுபதுக்கு இறங்கிவிட்டேன். நல்ல டயர் போட்டதாலேயே வேகம் போக உரிமை வந்துவிடாது. நம் நிதானத்துக்குத் துணை நிற்கத்தான் அதனால் முடியும். தண்ணீர் இருபுறமும் விசிறியடித்தது. சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டே இருப்பது கைகளில் தெரிந்தது.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.