வாசிப்பும் சமத்துவமும்

தமிழ்நாட்டின் எந்த மாவட்ட மைய நூலகத்துக்குள் போனாலும் ஒரு காட்சி உறுதி. காலையிலேயே இடம் பிடித்த இளைஞர்கள் மாலை வரை எழுந்திருப்பதில்லை. மேசையில் சமச்சீர்ப் பாடநூல்கள், பயிற்சி மையங்களின் குறிப்பேடுகள், பழைய வினாத்தாள் தொகுப்புகள். சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் நாற்காலிக்கு அடியில் இருக்கும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அலமாரிகளில் நாவல்களும் வரலாறும் அறிவியலும் வாழ்க்கை வரலாறுகளும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களே. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைக்க வேண்டியிருந்தது. ஆகவே, 'இளைஞர்கள் படிப்பதில்லை' என்ற வழக்கமான அங்கலாய்ப்பு உண்மைக்குப் புறம்பானது. அவர்கள் கண் எரியும்வரை படிக்கிறார்கள். தேர்வுக்கு வெளியே ஒரு பக்கத்தையேனும் தாமாகத் தேர்ந்து படிக்கும் வாய்ப்பும் துணிவும்தான் அவர்களிடமிருந்து பறிபோயிருக்கின்றன. இந்த இழப்பை நாம் ரசனைக் குறைவு என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் இது சமத்துவம் சார்ந்த பிரச்சினை.

காரணம், தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் வீட்டில் பேசும் தமிழ் வேறு. செய்தித்தாளும் சட்டமும் அரசாணையும் எழுதப்படும் தமிழ் வேறு. பின்னது யாருக்கும் தாலாட்டில் கிடைப்பதில்லை. புத்தகமும் பத்திரிகையும் புழங்கும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அது காதிலும் கண்ணிலும் பட்டுப் பட்டு, பள்ளிக்குப் போகும் முன்பே பாதி பழகிவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மேற்படி சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன்' என்று தொடங்கும் வாக்கியம் ஒரு பக்கம் முழுக்க நீண்டு, நான்கெல்லைகளைச் சொல்லி, வில்லங்கம் ஏதுமில்லை என உறுதி கூறி, கடைசி வரியில்தான் வினைமுற்றுக்கு வந்து சேரும். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியும். யார் யாருக்கு எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவுவரை மனதில் தாங்கிச் செல்லும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் பத்திர எழுத்தரையோ உறவினரையோ நம்பித்தான் கையெழுத்திட வேண்டும். கடன் ஒப்பந்தம், காப்பீட்டு நிபந்தனைகள், அறுவைச் சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவம் எல்லாவற்றிலும் இதே கதைதான். பட்டம் வாங்கியவர்கள்கூட இதற்கு விலக்கில்லை.

நீளமான எழுத்தைத் தாங்கும் இந்தத் திறனைப் பாடநூல் மட்டும் தராது. விரும்பிப் படிக்கும் பழக்கமே தரும். இதற்கு வலுவான சான்று இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 2000-ஆம் ஆண்டில் நடத்திய 'பீசா' ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 15 வயது மாணவர்களின் வாசிப்புத் திறனும், அவர்கள் தாமாக எவ்வளவு, எவ்வளவு விருப்பத்தோடு படிக்கிறார்கள் என்பதும் சேர்த்தே அளக்கப்பட்டன. பெற்றோர் மிகத் தாழ்ந்த நிலைத் தொழிலில் இருந்தும், ஈடுபாட்டோடு படித்த பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 540. பெற்றோர் மிக உயர்ந்த நிலைத் தொழிலில் இருந்தும், வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளின் சராசரி 491. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வாசிப்பில் விருப்பம் வருகிறது, விருப்பத்தால் திறன் வந்தது என்று எப்படிச் சொல்வது என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே சரியாக இருக்கும். ஆனால், தந்தையின் தொழிலை எந்த அரசாலும் ஓர் ஆண்டில் மாற்றிவிட முடியாது. பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் புத்தகத்தை வைக்க முடியும். பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வை இவ்வளவு குறைந்த செலவில் ஈடுசெய்யும் கருவி வேறெது இருக்கிறது?

அதே 'பீசா' தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. மொத்தம் 74 இடங்களில் இவ்விரு மாநிலங்களும் கடைசி வரிசையில்தான் வந்தன. வாசிப்பில் தமிழ்நாட்டின் மதிப்பெண் 337. கேள்விகள் நம் சூழலுக்கு அந்நியமானவை என்ற விளக்கம் அப்போது சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், உள்நாட்டு ஆய்வும் நமக்கு ஆறுதல் தரவில்லை. 2022-ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கைப்படி, தமிழகக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடிந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் இந்தச் சரிவுக்குக் காரணம். என்றாலும், 2018-லேயே அந்த விகிதம் பாதியை எட்டியிருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

வாசிப்பு சமத்துவத்துக்கான கருவி என்பதை நம் சமூகம் ஒருகாலத்தில் நன்றாகவே அறிந்திருந்தது. அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை விலையே சொன்னது. 1925-இல் 'குடி அரசு' இதழ் வந்தது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத் திண்ணையிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்டு விவாதித்தார்கள். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஊர்தோறும் படிப்பகம் வைத்தன. அம்பேத்கர் பெயரில் சேரிகளில் படிப்பகங்கள் எழுந்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன், கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, ஞானபீட விருது பெறும் எழுத்தாளரானார். துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, வீட்டுக்குள்ளிருந்தே படித்தும் எழுதியும் கவிஞராகவும் பேரூராட்சித் தலைவராகவும் வெளியே வந்தார். இவர்கள் விதிவிலக்கானவர்கள், இவர்களைக் காட்டி எல்லோரையும் அப்படி ஆகச் சொல்வது நியாயமில்லை. ஆனால், அந்தப் படிப்பகங்களில் உட்கார்ந்த பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் மனு எழுதினார்கள், சங்கம் அமைத்தார்கள், ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார்கள். வாசிப்பின் சமூக மதிப்பு என்று நான் கருதுவது இதைத்தான். பாடத்திட்டம் இல்லாத, தேர்வு இல்லாத, பிறரோடு பேசுவதற்கு வழிவகுத்த வாசிப்பு அது.

வேலையில்லாத இளைஞரிடம் நாவல் படி என்பது வசதியுள்ளவர்களின் உபதேசம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஓர் அரசு வேலை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை மாற்றுகிறது. நூலகத்தின் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து அதற்காகப் போராடுபவரை யாரும் குறை சொல்ல முடியாது. குறை, தேர்வின் வடிவத்தில் இருக்கிறது. பல லட்சம் பேர் எழுதும் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அதில் சரிபாதி தமிழுக்கு உரியது. ஆனால், ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். நூலையும் ஆசிரியரையும் பொருத்தத் தெரிந்தவருக்கு முழு மதிப்பெண் உண்டு. அந்த நூலை அவர் கையால் தொட்டிருக்க வேண்டியதில்லை. இப்படிப் பல ஆண்டுகள் பயின்று, இறுதியில் தேர்ச்சி பெறாத பெரும்பான்மையினர் கையில் மிஞ்சுவது எது? விருப்பமாக வாசித்த ஆண்டுகளாக அவை இருந்திருந்தால், வேலை கிடைக்காவிட்டாலும் அந்த மொழித்திறன் அவர்களோடு இருந்திருக்கும். தேர்வில் வென்றவருக்கும் இது பொருந்தும். நாளை கிராம நிர்வாக அலுவலராக அமர்ந்து மனுக்களைப் படிக்கப்போகிறவர் அவர்தானே.

'கைப்பேசியில்தான் நாள் முழுக்கப் படிக்கிறார்களே' என்பது இன்னொரு வாதம். திரையைப் பகையாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2018-இல் வெளியான ஒரு விரிவான மீளாய்வு, 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அச்சில் படிப்போரின் புரிதல் திரையில் படிப்போரைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாடு தகவல் சார்ந்த எழுத்தில்தான் தெரிந்தது, கதைகளில் தெரியவில்லை. எனவே, பேருந்தில் நின்றபடி செயலியில் தொடர்கதை படிக்கும் பெண்ணை வாசகியாக ஏற்பதில் தயக்கம் தேவையில்லை. அன்று வார இதழ்த் தொடர்கதைக்காகக் காத்திருந்தவர்களையும் உயர்ந்த இலக்கியம் படிக்கவில்லை என்று சிலர் ஒதுக்கத்தான் செய்தார்கள்; அவர்களிலிருந்துதான் அடுத்த தலைமுறையின் தீவிர வாசகர்கள் வந்தார்கள். கவலைக்குரியது, கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகும் துண்டுச் செய்தி. அது ஒரு வாதத்தை அதன் முடிவுவரை பின்தொடர விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வதந்தியை நம்பிவிட்டுப் பகிர்வதற்கு ஒரு நொடி போதும். அதை மறுப்பதற்கு இரண்டு பக்கமாவது படிக்க வேண்டும்.

வாசிப்பு மனிதர்களை நல்லவர்களாக்கும் என்ற வாக்குறுதியை நான் தரப்போவதில்லை. இலக்கியப் புனைவு வாசித்தால் பிறர் மனதை உணரும் திறன் கூடுகிறது என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் அதே சோதனையைச் செய்து பார்த்த வேறு ஆய்வாளர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. நூல் நிறைந்த வீடுகளிலும் சாதி கோலோச்சுகிறது. நன்றாகப் படித்தவர்களே மகளின் திருமணத்துக்கு எதிராகக் கொலைவெறி கொள்வதையும் பார்த்திருக்கிறோம். புத்தகம் அறத்தை ஊட்டிவிடாது. தன் தெருவில் ஒருபோதும் சந்திக்க முடியாத ஒருவரின் வாழ்வைப் பற்றி, அவர் வாயாலேயே சொல்லக் கேட்கும் வாய்ப்பை மட்டுமே அது தருகிறது. சாதியால் தெருக்கள் பிரிந்துகிடக்கும் ஊரில் அந்த வாய்ப்பு அரிது. பயன்படுத்திக்கொள்வது அவரவர் கையில்.

ஆனால், வாய்ப்புக்கான படிகள் நடுவில் உடைந்திருக்கின்றன. அம்புலிமாமா, ரத்னபாலா, கோகுலம் என்று கடைகளில் தொங்கிய சிறுவர் இதழ்கள் இன்று இல்லை. சிறு குழந்தைகளுக்கான படக்கதைகள் ஓரளவு வருகின்றன. பெரியவர்களுக்கான நூல்கள் ஏராளமாக வருகின்றன. 12 வயதிலிருந்து 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தமிழில் எழுதுவோர் மிகச் சிலர். ஒருவர் வாசகராக நிலைப்பதும் நழுவிப்போவதும் அந்த வயதில்தான். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும், வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்த சின்னஞ்சிறு நூல்களும் பாராட்டத்தக்க முயற்சிகள். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகக் காட்சிகளும் அப்படியே. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பொதுத்தேர்வின் நிழல் விழுந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. பல பள்ளிகளில் நூலக வேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் பீரோ பூட்டியே கிடக்கிறது.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதனின் உழைப்பால், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது. வாசகர் வரக் காத்திராமல் நூல் அவரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. இன்று தமிழகத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சொத்து வரியோடு நூலக வரியை ஒவ்வொரு வீடும் கட்டுகிறது. அப்படி வசூலான தொகையை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதும் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. சென்னையிலும் மதுரையிலும் எழுந்த மாபெரும் நூலகங்கள் பெருமைக்குரியவை. ஆனால் பத்தாம் வகுப்புப் பெண் மாலையில் நடந்து போய், இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடியது ஊர்ப்புற நூலகம்தான். சில மணி நேரமே திறந்திருக்கும் பகுதி நேர நூலகத்தில் அவளுக்கு உட்கார இடமோ கழிப்பறையோ இல்லையென்றால் அவள் வரமாட்டாள். கேரளத்தில் பெரும்பாலான நூலகங்களை ஊர் மக்களின் குழுவே நடத்துகிறது. அரசு மானியம் தருகிறது. எந்த நூல் வாங்குவது, எந்தக் கூட்டம் நடத்துவது என்பதில் உள்ளூர் இளைஞருக்குப் பங்கு இருக்கிறது. இங்கே வாசகர் வட்டம் பெரும்பாலும் பெயரளவில் நிற்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. நூலக வரி முழுவதும் நூலகத்துக்கே போய்ச் சேரட்டும். பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு எட்டு மணிவரை ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கட்டும். வாசகர் வட்டத்தில் பாதி இடம் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்படட்டும். குரூப் 4 தேர்வின் தமிழ்த் தாளில் ஒரு பக்கமாவது சொந்தமாக எழுதும் பகுதி இடம்பெறட்டும். லட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துவது கடினம் என்பது உண்மை, ஆகவே முதல்கட்டத்தில் தேறியவர்களுக்கு மட்டும் அதை வைக்கலாம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நீங்கள் உறுப்பினரா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே சேருங்கள். உங்கள் தெருப் பிள்ளை ஒன்றையும் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள். அங்கே நூலகர் பணியிடம் காலியாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள்.