மாத்திரை நின்றது, ஆள் வரவில்லை

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின், மெமன்டின் ஆகிய நான்கும் அல்சைமர் மறதி நோய்க்குத் தரப்படும் மருந்துகள். 2018 ஆகஸ்ட் 1 முதல் இவற்றுக்குப் பிரெஞ்சு மருத்துவக் காப்பீடு ஒரு சதமும் கொடுப்பதில்லை. மருத்துவர் எழுதித் தரலாம், மருந்தகம் விற்கலாம். காசு குடும்பத்தின் கையிலிருந்துதான் போக வேண்டும். இதே நோயாளிக்கு இந்த நோய்க்கான மற்றச் சிகிச்சைகளுக்கு நூற்றுக்கு நூறு காப்பீடு கொடுக்கும் நாட்டில்தான் இந்த நிலை.

இந்த மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் நினைவையும் அன்றாட வேலைகளையும் சற்றுத் தாங்கிப் பிடிக்கின்றன. சிலருக்கு வயிற்றைக் குழப்புகின்றன, இதயத்துடிப்பைக் குறைக்கின்றன. 'போதிய பயனில்லை' என்று பிரெஞ்சு மருந்து மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து 2016 அக்டோபரில் வந்த கருத்தை மறுத்தவர்களும் உண்டு, ஏற்றவர்களும் உண்டு. ஆனால் பிரான்ஸ் முடிவை அறிவித்த அதே 2018 ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் இந்த மருந்துகளைத் தொடர்ந்து பரிந்துரைத்தது. பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் தம்பிக்குக் காப்பீடு நிறுத்திய மாத்திரை, லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அண்ணனுக்கு 60 வயது கடந்ததால் இலவசமாகக் கிடைக்கிறது.

மருந்தை நிறுத்தியதைக்கூட விவாதத்துக்கு விட்டுவிடலாம். அத்துடன் கொடுத்த வாக்கை அப்படி விட முடியாது. மிச்சமாகும் பணம் நோயாளிகளின் பராமரிப்புக்கே திருப்பப்படும் என்று அரசில் இருந்தவர்கள் சொன்னார்கள். மாத்திரைக்குப் பதிலாக மனித உதவி வரும் என்பதே அதன் பொருள். பாரிஸ் புறநகரான பொபினியிலும் லா கூர்நெவிலும் அடுக்குமாடியில் தமிழ் மட்டும் பேசி முதுமையைக் கழிப்பவர்களின் கதவை அந்த உதவி தட்டியதா?

உதவி பரிசோதனையிலேயே தொடங்க வேண்டும். வழக்கமான நினைவுச் சோதனையில் 'சிகார், பூ, கதவு' என்ற மூன்று சொற்களைப் பிரெஞ்சில் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். 'மோந்த்' (monde, உலகம்) என்ற சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். எண்பதுகளில் அகதியாக வந்து, உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியே ஓய்வு பெற்றவர் அந்தச் சொல்லை நேராகவே எழுத்துக்கூட்டியதில்லை. அவர் தடுமாறுவது நோயாலா, படிக்க வாய்ப்பில்லாததாலா என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. பக்கத்தில் மொழிபெயர்க்க அமர்ந்திருப்பது பள்ளிக்கு லீவு போட்ட பேரப்பிள்ளை. தாத்தாவின் பிழையான பதிலைக் கூச்சத்தில் திருத்திச் சொல்லிவிடுகிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பை 2016 ஜனவரிச் சட்டம் அங்கீகரித்தது. அதற்கான செலவைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1935இல் பிராங்கோ-முஸ்லிம் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டு 1978இல் பெயர் மாறிய பொபினியின் அவிசென் மருத்துவமனையில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் பல மொழி பேசுபவர்களையும் மனதில் வைத்து ஒன்பது படச் சோதனை உருவாக்கப்பட்டது. மாவட்ட எண்ணான 93 அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒரே தாளில் ஒன்பது படங்கள்; பெயர் சொல்ல வேண்டும், எண்ண வேண்டும், தாளை மறைத்தபின் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். எழுத்து தேவையில்லை. வதிவிட அட்டைக்காகத் தமிழர்கள் விடியுமுன் வரிசையில் நின்ற அதே பொபினியில் பிறந்த இந்தக் கருவி, தமிழ் முதியவர் போகும் ஒவ்வொரு மருத்துவரின் மேசையிலும் இருந்திருக்க வேண்டும்.

பராமரிப்பு என்று வீட்டுக்கு வருவது சிறப்புக் குழு: 12 முதல் 15 அமர்வுகள், ஏறக்குறைய மூன்று மாதம், பிரெஞ்சில். மறதி நோயில் பிந்திக் கற்ற மொழியே பெரும்பாலும் முதலில் நழுவும், எஞ்சுவது தாய்மொழி. இங்கிலாந்தின் அதே வழிகாட்டி, மருந்துடன் குழுவாகச் செய்யும் மனப்பயிற்சியையும் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் முறையையும் சொல்கிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் நினைவைக் கிளறுவது இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்', முருங்கையிலை உருவும் கைவேலை, ஒரு தேவாரம். பகல் பராமரிப்பு நிலையத்தில் அவருக்குத் தெரியாத பிரெஞ்சுப் பாட்டு ஒலிக்கும்போது அவர் பேசாமல் இருந்தால், 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பெழுதுவது அநியாயம்.

மருந்துடன் இன்னொன்றும் போயிற்று. இவற்றை முதலில் எழுதித் தரும் உரிமை நரம்பியல், முதியோர், மனநல நிபுணர்களுக்கே இருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் அவர்களிடமே போக வேண்டியிருந்தது. மருந்துச் சீட்டின் பெயரால் நடந்த அந்தச் சந்திப்புக்கும், மருந்தை விட்டவர்களுக்கு, இப்போது காரணம் இல்லாமல் போய்விட்டது.

முதியோர் விடயத்தில் அரசு மேசைகளின் கணக்கு நீளமானது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். மறு ஆண்டு வந்த சட்டத்தால் தொழிலாளர்களிடம் ஒரு நாள் உழைப்பு 'ஒற்றுமை நாள்' என்று வாங்கப்பட்டது. லாச்சப்பல் கடைகளிலும் துப்புரவு வேலையிலும் நிற்பவர்களும் அந்த நாளைக் கொடுக்கிறார்கள். 2018இலேயே வாக்களிக்கப்பட்ட முதுமைச் சட்டம் 2021இல் கைவிடப்பட்டது. முதுமைக்கான நிதித்திட்டச் சட்டம் 2024 முடிவதற்குள் வரும் என்று 2024 ஏப்ரல் சட்டத்தில் எழுதினார்கள். தாங்களே எழுதிய அந்தத் தேதியையும் மீறினார்கள். நரம்புச் சிதைவு நோய்களுக்கான திட்டம் 2019இல் முடிந்தது; அடுத்த முழுமையான தேசியத் திட்டம் 2025இல்தான் வந்தது. ஆறாண்டு என்பது மறதி நோயாளி ஒருவர் மகனின் பெயரையே மறந்துபோகப் போதுமான காலம்.

மருந்துப் பட்டியலிலிருந்து மிச்சமான பணம் எங்கே போனது என்று கணக்குக் காட்டப்பட வேண்டும். தமிழிலும் 93 மாவட்டம் பேசும் மற்ற மொழிகளிலும் சோதிக்கவும், பேசவும், கூட இருக்கவும் ஆட்கள் தயாராக வேண்டும். அவர்களுக்குக் காப்பீடு சம்பளம் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகம் இதைச் செய்வது என்பதை, 2018இல் வாக்குக் கொடுத்தவர்களே முடிவு செய்யட்டும்.