பரோய் அரங்கில் நாம் தேடும் பெயர்கள்

2018ஆம் ஆண்டின் மலேசிய சூப்பர் லீக் பட்டியலைச் சிரம்பான் காற்பந்து அன்பர் எவரும் விரும்பி எடுத்துப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு குழுக்கள் பொருதிய அப்போட்டியில் நெகிரி செம்பிலான் பன்னிரண்டாவது இடத்தில் நின்றது. 2013இல் கீழிறக்கப்பட்டு, நான்கு பருவங்கள் இரண்டாம் நிலையில் உழன்று, அரும்பாடுபட்டு மேலேறி வந்த குழு, ஒரே பருவத்தில் வந்த வழியே திரும்பிற்று. "ஹோபின் ஜாங் ஹோபின்" என்று பரோய் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கில் முழங்கிய தொண்டைகள் வறண்டு போயின. 1948க்குப் பின் 61 ஆண்டுகள் காத்திருந்து, 2009இல் மலேசியக் கிண்ணத்தைக் கண்ட மாநிலம் இது. 2010இல் இறுதியாட்டம் வரை சென்று கிளந்தானிடம் தோற்று, 2011இல் திரங்கானுவை வென்று மீண்டும் கிண்ணத்தை ஏந்திய மாநிலம். அந்த உச்சியிலிருந்து இந்தப் பள்ளத்தைப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஆயினும் அந்தத் தோல்வியை ஆராய்வது என் நோக்கமன்று. பயிற்றுநர் சரியில்லை, பணம் போதவில்லை, நிருவாகம் தூங்கிற்று என்றெல்லாம் அலச நாளேடுகள் இருக்கின்றன. தோல்விக்குப் பின் நம்மவர் பேசும் பேச்சு ஒன்று உண்டு. அதனோடுதான் எனக்கு வழக்கு.

அப்பருவத்தில் ஓர் இரவு, ஆட்டம் முடிந்து அரங்கின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். லாபு வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "வாத்தியாரே, நம்ம புள்ளைங்க பேரு ஒன்னும் காதுல விழலையே" என்றார். அருகிலிருந்தோர் உடனே பிடித்துக்கொண்டனர். "எல்லாம் அரசியல்", "நம்மை உள்ளே விடமாட்டான்", "நமக்கு எங்கே கொடுத்து வைத்திருக்கிறது" என்று வாகன நிறுத்துமிடம் வரையில் ஒரே புலம்பல். ஆட்டக்காரர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயர்களை எண்ணுவதும், எண்ணிக்கை போதாதெனப் பெருமூச்சு விடுவதும், அப்பெருமூச்சோடு கடமை முடிந்ததென வீடு திரும்புவதும் நம் வழக்கமாகிவிட்டன. அந்த முதியவரின் கேள்வி நியாயமானது. அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் விடைதான் பொய்.

முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். தேர்வாளர் எல்லாரும் தராசு முள் போன்றவர் என்று வாதிட எனக்குப் பேதைமை இல்லை. ஆனால் கதவு முற்றாக அடைபட்டது என்பாருக்கு வரலாறு வேறு விடை தருகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். கோல் கம்பங்களுக்கிடையே நின்ற ஆர். ஆறுமுகத்தை அவருடைய நீண்ட கைகளுக்காகச் 'சிலந்தி மனிதன்' என்று நாடே கொண்டாடிற்று; 1988இல் அவர் சாலை விபத்தில் மாண்டபோது இனம் பாராமல் அழுதனர். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசியக் குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அக்குழுவில் ஓடிய எஸ். குணாளன் அப்போது நம் நெகிரி செம்பிலானுக்கு ஆடியவர். 2009இல் பரோய் மக்கள் தோளில் தூக்கிய குழுவிலும் அவர் இருந்தார். நம் மாநிலக் குழுவை 2021இல் மீண்டும் மேல்நிலைக்கு ஏற்றி, மறு ஆண்டே நான்காம் இடத்தில் நிறுத்தியவர் பயிற்றுநர் கே. தேவன். இவர்களையெல்லாம் உள்ளே விட்ட கதவு எந்தக் கதவு? வாயிலில் நிற்பவன் தள்ளிவிடுகிறான் என்று சொல்ல வேண்டுமானால், வாயில் வரைக்குமாவது நம் பையன் போயிருக்க வேண்டாமா? அவன் புறப்படவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. புறப்படவிடாமல் காலைக் கட்டியவர் நாம். நாம் என்னும்போது, தமிழாசிரியரை முதலில் வைத்தே சொல்கிறேன்.

தோட்டத்தில் திடல் இருந்தது. கோயிலுக்கும் லயத்துக்கும் இடையே, பள்ளிக்கூடத்தை ஒட்டி, சமமில்லாத ஒரு புல்வெளி. நடுவில் மாடு மேயும். மழைக்காலத்தில் ஒரு பக்கம் குளமாகும். பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பாலைச் சுமந்து, நிறுத்துப் போட்டு வந்தவர்கள், வெயில் தாழ்ந்ததும் அதே களைத்த காலோடு பந்தை உதைக்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டக்காரர் லோரியில் வந்திறங்குவர். கிராணி மகனும் கங்காணி பேரனும் வெட்டுக்காரன் பிள்ளையும் ஒரே நிறச் சட்டையில் நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆட்டம் சண்டையில் முடிவதும் உண்டு. மறு வாரம் அதே லோரி திரும்ப வருவதும் உண்டு. அந்தத் திடலில் பொறுக்கியெடுக்கப்பட்டவன் மாவட்டத்துக்குப் போவான், மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு. எவரும் திட்டமிட்டு அமைக்காத ஏணி அது.

அந்த வாழ்வைப் பொற்காலம் என்று பாடுவாரோடு நான் சேரேன். துரை திடல் கொடுத்தது நம்மேல் கொண்ட அன்பினால் அன்று. ஞாயிறன்று பந்தாடுபவன் கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் சேர்க்கமாட்டான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். லயத்துக்குத் திரும்புவோம் என்று யாரேனும் அழைத்தால் முதலில் மறுப்பவன் நானே. ஆனால் லயத்தை விட்டு வந்தபோது எதை உடன் கொண்டுவந்தோம், எதைப் போட்டுவிட்டு வந்தோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ச் சிரம்பான் 2, செண்டாயான், நீலாய் என்று நகரங்கள் வந்தன. கோயிலுக்கு இடம் கேட்டுப் போராடினோம், பெற்றோம். பள்ளிக்கு இடம் கேட்டு மனுக் கொடுத்தோம். பல இடங்களில் பெற்றோம். பெயர்ப் பலகையில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல்லைத் தாங்கிய பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளின் நடுவே நிற்கின்றன. திடலுக்காக மனுக் கொடுத்தவர் எத்தனை பேர்? மூன்று மாடிக் கட்டடம் கிடைத்ததென்று மாலை போட்டுத் திறப்பு விழா நடத்தினோம். பிள்ளை ஓடுவதற்கு இடம் எங்கே என்று அந்த மேடையில் ஒருவராவது கேட்டிருப்போமா?

இடம் இருந்த பள்ளிகளில் மட்டும் என்ன நடந்தது? இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை; செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் ஏழு 'ஏ' என்பது நம் சமுதாயத்தின் மந்திரமாகிவிட்டது. ஏழு 'ஏ' பெற்ற பிள்ளைக்கு நாளேட்டில் படம். பள்ளி வாயிலில் பதாகை. சட்டமன்ற உறுப்பினர் கையால் பரிசு. ஆறாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைக்கு உடற்கல்விப் பாடவேளை கால அட்டவணையில் மட்டுமே இருந்தது. அந்த வேளையில் நான் கணிதப் பயிற்சித் தாள்களை விநியோகித்தேன். மாலையில் கூடுதல் வகுப்பு. சனிக்கிழமை மீண்டும் வகுப்பு. 2011இல் அரசாங்கம் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. கோப்புகளில் அதையும் பழுதின்றி நிறைவேற்றினோம். ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் எதிரே ஒரு விளையாட்டின் பெயரை எழுதினேன். பந்து அறைக்குள் காற்றிழந்து கிடந்தது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இடக்காலன். இடைவேளையில் கிடைக்கும் இருபது நிமிடத்தில் ஐந்து பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவான். நான் சன்னல் வழியே பார்த்து வியந்திருக்கிறேன்; வியந்துவிட்டு மணியடித்ததும் அவனை உள்ளே அழைத்துப் பின்னக் கணக்குப் போடச் செய்திருக்கிறேன். கணிதத்தில் அவன் 'ஏ' பெற்றான். இடைநிலைப்பள்ளியில் குழுத் தேர்வுக்குச் சென்றபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அதுவரை முள் காலணி அணிந்து ஆடியவனல்லன். பெரிய திடலில் எங்கே நிற்பதென்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. ஏழு வயது முதல் பயிற்சி பெற்ற பிற இனப் பையன்களோடு அவனை நிறுத்தினர். அரை மணியில் வெளியே அனுப்பினர். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். வீடு வாங்கியிருக்கிறான். பரோய் அரங்கில் ஒருமுறை என்னைக் கண்டு வணங்கி, "சார், அந்த ஒரு வருஷம் விட்டிருந்தா முயற்சி பண்ணிப் பார்த்திருப்பேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனைத் தள்ளிய தேர்வாளருக்கு இனவெறி இருந்ததா, நான் அறியேன். அவருக்கு முன்னமே அவனைத் தள்ளியவன் யாரென்பது எனக்குத் தெரியும்.

"கல்விதான் நம்மைக் கரையேற்றிற்று, பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கல்வி கரையேற்றியது மெய். பந்து பலருக்குச் சோறு போடாது என்பதும் மெய். ஆனால் படிப்பைக் கெடுத்தது திடல் என்று காட்ட ஒரு சான்றாவது உண்டா? அதே ஏழு 'ஏ' பெற்ற பிள்ளைகளுள் பதினைந்து வயதில் படிப்பையும் விட்டவர்களை ஆசிரியர் எல்லோரும் அறிவோம். மாலை நான்கு மணிக்கு ஒரு குழுவில் இடம் கிடைக்காத பையனுக்கு இரவு பத்து மணிக்கு வேறொரு கும்பலில் இடம் எளிதாகக் கிடைக்கிறது. அங்கே தேர்வும் இல்லை. வயது வரம்பும் இல்லை.

நாம் பாரதியைக் கற்பிக்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே பாப்பாப் பாட்டை மனப்பாடம் செய்விக்கிறோம். அப்பாட்டில் கவிஞர் குழந்தைக்கு இடும் முதல் ஏவல் எது, மாலை வேளையை எதற்கென ஒதுக்குகிறார் என்பதைத் தமிழாசிரியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புவித்தல் போட்டியில் அப்பாட்டுக்குப் பரிசு கொடுத்த கையே மறுநாள் உடற்கல்வி வேளையை விழுங்குகிறது.

"நமக்கென ஒரு குழு இருந்தால் போதும்" என்பாரும் உளர். அதையும் பார்த்துவிட்டோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு படிப்படியாக ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் நுழைந்தது. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரையும் அமர்த்தாமல் உள்நாட்டவரைக் கொண்டே ஆடிற்று, துணிவான செயல். ஆனால் அந்த ஆண்டோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. உச்சியில் ஒரு குழுவைக் கட்ட ஒரு செல்வர் போதும். அடியில் ஆயிரம் பையன்கள் ஆடாவிட்டால் அந்த உச்சி எதன்மேல் நிற்கும்?

நாடும் இதே தவற்றைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு இந்நாட்டில் பிறந்த பாட்டன் பாட்டிமார் உண்டென்று காட்டிய ஆவணங்கள் போலியானவை எனக் கண்டு, 2025 செப்டம்பரில் பிஃபா அவர்களையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்தையும் தண்டித்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு வெட்கத்தோடு ஒரு கசந்த சிரிப்பும் வந்தது. பாட்டனின் எலும்பு இந்த மண்ணிலேயே, கித்தா மரத்தடியிலேயே கிடக்க, பிறப்புச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் இருந்தன. கடல் கடந்து பாட்டிகளைத் தேடிய நாடு, ரந்தாவிலும் பகாவிலும் வெறுங்காலோடு நிற்கும் பையனைத் தேடவில்லை. அவனை வெளியே அனுப்பாமல் வகுப்பில் பூட்டி வைத்த நாமும் அந்த நாட்டைக் குறை கூறும் தகுதியைப் பாதி இழந்துவிட்டோம்.

செய்யக்கூடியவை எவை என்றால், அவை சிறியவை. பணம் அதிகம் கேளாதவை. மாணவர் தொகை குறைந்து, பதினொருவரைத் திரட்ட முடியாத பள்ளிகள் நம் மாநிலத்தில் பல. அண்மைப் பள்ளிகள் சேர்ந்து பயிற்சி செய்யத் தடையென்ன? திடலில்லாத பள்ளி, பக்கத்து மலாய்ப்பள்ளித் திடலைக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம், கேட்டவர்கள் பெற்றிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே மட்டும் கிண்ணம் வைத்து, நமக்கு நாமே மாலையிட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மலாய்ப் பையனிடமும் சீனப் பையனிடமும் எட்டு வயதிலேயே ஐந்து கோல் வாங்கித் தோற்கட்டும். பத்து வயதில் இரண்டு கோலாகக் குறையும்.

யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்தது. சாக்கு ஒழிந்ததென்று நானும் நம்பினேன். அண்மையில் ஒரு மாலை, ஐந்து மணியளவில், நான் முன்பு பணியாற்றிய பள்ளியின் வழியே சென்றேன். உள்ளே திடல் பச்சையாக இருந்தது, வாயில் பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே சாலையோரத்தில் மூன்று பையன்கள் பிளாஸ்டிக் பந்தை உதைத்துக்கொண்டிருந்தனர். கார் வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று மீண்டும் தொடங்கினர். பாதுகாவலரிடம் திறந்துவிடலாகாதா என்று கேட்டேன். "சாவி ஆபீசுல இருக்குங்க சார், பெரிய சார் சொன்னாத்தான்" என்றார். மறுநாள் காலை பெரிய சாரைப் பார்க்கப் போனேன். புல் கெட்டுவிடும் என்றார்.